குட்டையன் மேலே ஏறுகிறான்

“நூத்தி எழுபத்திரெண்டு ஓட்டை. ஆஸ்பத்திரியில, தலைக்கு மேல இருக்கிற அந்த வெள்ளைப் பலகையில. ரெண்டு தடவை எண்ணினேன், ரெண்டு தடவையும் சரியா வந்துச்சு. இனிமே அங்க போய் நான் எதை எண்ணணும், சொல்லு.”

“எண்ண வேண்டாம்மா. சும்மா படுத்திருந்தா போதும்.”

“சும்மா படுத்திருக்கத்தான் முடியல.”

“டி.வி. இருக்கே.”

“இருக்கு. அதுல ஒருத்தி நாள் பூரா சமைக்கிறா. எனக்கு எதெல்லாம் ஆகாதோ, அதையெல்லாம் தேடித் தேடி சமைக்கிறா.”

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி முறைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அத்தை, அதாவது என் மாமியார், இடது கையை ஒரு துண்டின் மேல் கிடத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையில்தான் வாரத்துக்கு மூன்று நாள் இரண்டு ஊசிகள் ஏறும். அவருடைய சிறுநீரகங்கள் கைவிட்டுவிட்டதால், ரத்தம் ஓர் ஊசி வழியாக வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, மற்றொன்றின் வழியாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு நான்கு மணி நேரம். அதுவரை அந்தக் கையை அசைக்கவே கூடாது. போன இரண்டு முறையும் பாதியிலேயே, “ஊசியை எடு” என்று நர்சிடம் சண்டை போட்டு எழுந்து வந்துவிட்டார்.

“டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா?” என்றார் அத்தை. “‘ஒத்துழைக்க மறுக்கிறார்’. எதிர்ல உட்கார்ந்தே படிச்சிட்டேன். அந்த ஆளுக்குத் தெரியாது, நான் முப்பத்தொரு வருஷம் கவுன்ட்டர்ல இருந்தவள்னு.”

அது உண்மை. ஓர் அரசு அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து விண்ணப்பங்களை வாங்கியவர் அவர். வெளியே நிற்பவர் காகிதத்தைத் தன் பக்கமாக வைத்தே நீட்டுவார். அதைத் திருப்பிப் பார்க்க நேரம் ஏது? தலைகீழாகவே படித்து, தலைகீழாகவே தப்பைச் சுட்டிக்காட்டப் பழகிவிட்டார்.

“மெஷின் பாதி நேரம் ஓடினா உடம்பு ரொம்ப நாள் தாங்காதுன்னும் அவர் சொன்னார்மா. அதைப் படிக்கலையா?”

மனைவியின் பார்வை அலமாரியின் உச்சிக்குப் போனது. அங்கே ஒரு துணிப்பையில், டி.வி.யில் செருகி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று கிடந்தது. சின்ன வயதில் அவளுக்காக வாங்கியது, ஆனால் அதை விளையாடியதெல்லாம் அத்தைதான். ஒரே ஒரு கேசட். அதில் தடித்த தலையும் குட்டைக் கால்களுமாக ஒருவன் கடலுக்குள் குதித்து, அறை அறையாகக் கீழே இறங்குவான். அந்த வீட்டில் அவன் பெயர் குட்டையன். மொத்தம் நாற்பது அறைகள். நடுவில் நிறுத்தினால் மறுபடி கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே மூச்சில் இறங்க முழுதாக நான்கு மணி நேரம் ஆகும்.

“முப்பத்தாறு வரைக்கும் போயிருக்கேன்” என்று அத்தை ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். “அதுக்குள்ள யாராவது கூப்பிட்டுருவாங்க மாப்பிள்ளை. பசிக்குதும்பாங்க, சாவியைக் காணோம்பாங்க. கரன்ட் போயிரும்.”

மனைவி மெதுவாகக் கேட்டாள். “குட்டையனைக் கையில பிடிச்சுக்கிற மாதிரி செஞ்சு கொடுத்தா? ஒத்தக் கையால ஆடுற மாதிரி. வலது கையால மட்டும்.”

அத்தை அலமாரியைப் பார்த்தார், பிறகு மகளை. “பத்து நாள் தர்றேன்” என்றார். “அதுவரைக்கும் பாதிப் பாதியாப் போறேன். அப்புறமும் முடியலன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

என் மனைவிக்குக் காது மெஷின் பழுது பார்க்கும் வேலை. ஒரு பயறு அளவுள்ள கருவியைத் திறந்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, முடி போன்ற கம்பிகளுக்கு ஈயம் பற்ற வைப்பவள். நான் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். அதனால் பெட்டியின் உள்ளே அவளுக்கு, வெளியே எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பெட்டியின் மேல் ஓடு கழன்று வந்ததும், “இங்க வந்து பாருங்க” என்று பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினாள்.

நாளெல்லாம் படங்களைப் பார்க்கிறவன் நான். மலை, அருவி, கல்யாண ஜோடி, எல்லாம் பழகிப்போய், கண்ணாடித் தூசு மட்டுமே கண்ணில் படும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்தப் பச்சைப் பலகையில் நான் தூசைத் தேடவில்லை. செம்புக் கோடுகள் எட்டு, ஒன்றையொன்று தொடாமல், பள்ளிக்கு வரிசையில் போகும் பிள்ளைகள் போல ஒரே மூலையில் ஒன்றாகத் திரும்பின. ஒரு கோடு மட்டும் நடுவில் சின்னதாக வளைந்து நெளிந்திருந்தது. கூட வருகிறவர்களோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்த நெளிவு என்றாள் அவள். யாரோ ஒருவர் இதையெல்லாம் யோசித்து வரைந்திருக்கிறார். வரைந்துவிட்டு, ஒருவரும் பார்க்க முடியாதபடி ஓடு போட்டு மூடியிருக்கிறார்.

“இதுக்குள்ளயா கடல் இருக்கு?”

“கடல் கேசட்டுல இருக்கு. இது அதைப் படிச்சுக் காட்டுற ஆள்.”

பலகை ஒரு தட்டின் அகலம் இருந்தது. கைக்குள் அடங்க அதில் பாதியை வெட்டியெறிய வேண்டும். மின்சாரம் வரும் பகுதி வேண்டாம், பேட்டரி போதும். ஜாய்ஸ்டிக் செருகும் இடம் வேண்டாம். ஆனால் எந்தக் கோடு எங்கே போகிறது என்று தெரியாமல் வெட்டினால் கடல் வற்றிவிடும். நான்கு நாள் ஒவ்வொரு கோடாக மீட்டரை வைத்துத் தொட்டு, அது ‘பீப்’ என்று சொல்கிற இடமெல்லாம் குறித்து, கடைசியில் சிவப்புப் பேனாவால் ஓர் எல்லை போட்டாள்.

“நீங்க அறுங்க” என்றாள்.

“ஏன், நீ?”

“என்னால ஆகாது. காது மெஷின் போச்சுன்னா வேற கொடுத்துடலாம். இது ஒண்ணுதான் இருக்கு.”

எங்கள் கடையின் மிக மெல்லிய ரம்பத்தை எடுத்து வந்தேன். அறுத்து முடிக்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. விளிம்பில் செம்புத் தூள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உப்புத்தாளால் தேய்த்தேன். காரைப் பின்னால் எடுக்கும்போது ஓட்டுநர் பார்க்கிற சின்னத் திரை ஒன்றை அவள் அதோடு இணைத்தாள். பேட்டரியின் கம்பியைத் தொட்டாள்.

ஒன்றுமில்லை. பிறகு திரை முழுக்க நீலம்.

அறுபட்டுப் பாதியாகிக் கிடந்த பலகைக்கு, தான் பாதி என்பதே தெரியவில்லை. கரை வந்தது. அதில் குட்டையன் நின்றான். எந்த அவசரமும் இல்லாமல் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினான். நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவனையே பார்த்தோம். “இருக்கான்” என்றாள் அவள்.

சட்டத்துக்கு மிஞ்சிய மரத்தில் கூடு செய்தேன். பொத்தான்கள் எங்கே வர வேண்டும் என்று அவள் வரைந்து கொடுத்தாள், அதன்படி துளையிட்டேன். உள்ளே எல்லாவற்றையும் அடுக்கி, திருகாணிகளை முடுக்கினோம். முதலில் அத்தைதான் போட வேண்டும் என்று, நிமிர்த்திக்கூடப் பார்க்காமல் துணியில் சுற்றி எடுத்துப் போனோம். அது பத்தாம் நாள்.

அத்தை பிரித்தார். மடியில் வைத்துக்கொண்டார். வலது கையைக் கொண்டுபோனார். கை வெறும் மரத்தில் நின்றது.

பொத்தான்கள் எல்லாம் இடது பக்கம் இருந்தன.

என் மனைவி அந்தக் கூட்டையே வெறித்துப் பார்த்தாள். ஈயம் வைப்பவர்களுக்குப் பலகையின் பின்பக்கம்தான் முகம். ஆகவே அவள் பின்பக்கத்தை வரைந்திருந்தாள். சட்டம் போடுகிறவர்களும் படத்தைக் குப்புறப் போட்டுத்தான் வேலை செய்வோம். அவள் முன்பக்கத்தை வரைந்திருக்கிறாள் என்று நினைத்து, பின்பக்கத்துக்கு ஏற்ப நான் திருப்பிக்கொண்டேன். அவள் எனக்காக ஒரு தடவை திருப்பினாள், நான் அவளுக்காக ஒரு தடவை திருப்பினேன். கூட்டைக் குப்புறப் போட்டே வேலை பார்த்ததில் வலப்பக்கம் இருந்தது வலப்பக்கமாகவே எங்களுக்குப் பட்டது.

“நல்ல பொருத்தம்” என்றார் அத்தை. “ரெண்டு பேரும் முதுகைப் பார்த்தே குடும்பம் நடத்துறீங்க.”

“அம்மா, இன்னும் நாலு நாள் கொடு. புதுசா ஒரு கூடு...”

“பத்து நாள்தானே பேச்சு?”

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அத்தை கூட்டை மடியிலிருந்து கையில் எடுத்தார். பிறகு, கவுன்ட்டரில் ஒரு காகிதத்தை நகர்த்துவதுபோல, அதை ஒரு சுற்றுச் சுற்றினார். பொத்தான்கள் வலக்கைக்கு வந்தன. மேலே நிற்க வேண்டிய கேசட் வயிற்றில் முட்டியது. சுவிட்சைத் தட்டினார்.

கடல் தலைகீழாக வந்தது. கரை திரையின் அடியில். அதிலிருந்து குட்டையன் தலைகீழாகத் தொங்கினான். அத்தை அழுத்தினார். அவர் எந்தப் பக்கம் அழுத்தினாரோ, அந்தப் பக்கமே போனான். கீழே விழ வேண்டியவன் மேலே எழுந்தான். முதல் அறை, இரண்டாவது அறை. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு போயின. எண்கள் கவிழ்ந்து மாறின. அத்தையின் கட்டைவிரல் ஓரிடத்திலும் தயங்கவில்லை.

எங்கள் தப்புக்குள் நுழைய உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வழி தெரியும். அவர் முப்பத்தொரு வருஷமாக அதற்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்.

“திரையை மட்டும் திருப்பிப் பொருத்திடவா அத்தை? நாலு திருகாணிதான்.”

“வேண்டாம் மாப்பிள்ளை” என்றார், கண்ணை எடுக்காமல். “இத்தனை வருஷம் இறங்கிட்டே இருந்தான். ஏறட்டும்.”

மறுநாள் ஊசிகள் ஏறியதும் அத்தை பெட்டியை மடியில் நிறுத்தினார். அவருடைய ரத்தம் சிவப்புக் குழாயில் போய் இயந்திரத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பஸ் கண்டக்டர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“உங்க ஆள் தலைகீழா நிக்கிறானே, அம்மா.”

“அவன் ஒழுங்காத்தான் நிக்கிறான். நீங்கதான் படுத்திருக்கீங்க.”

ஒரு மணி நேரம். இரண்டு. போன முறை எழுந்து வந்த நேரம் தாண்டியது. அத்தை கவனிக்கவில்லை, மனைவி என் விரலை நசுக்கினாள். யாருக்கும் பசிக்கவில்லை, யாருடைய சாவியும் தொலையவில்லை. யாராலும் அத்தையைக் கூப்பிட முடியாத ஓர் இடம் கடைசியில் கிடைத்திருந்தது. முப்பத்தாறாவது அறை வந்தது, போனது. அதற்கு மேல் இருந்தவற்றை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. பிறகு அந்தக் கறுப்பில், ஒவ்வொரு புள்ளியாக, வெளிச்சங்கள். கண்டக்டர் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டார். திரையின் உச்சியில் ஒரு கதவு, பாதி திறந்து.

இயந்திரம் மணியடித்தது. நர்ஸ் வந்து கையுறையை மாட்டிக்கொண்டாள்.

“நாலு மணி நேரம் முடிஞ்சிடுச்சும்மா. இன்னைக்கு சமத்தா இருந்தீங்க. ஊசியை எடுத்துடவா?”

அத்தையின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

“தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார். “அந்த ஊசியை இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம் அப்படியே விட்டு வையேன்.”