பிருந்தா வீட்டில்தான் இருக்கிறாள்

1

மக்களே, இது களவாண்ட கதை. சேரன்மகாதேவியில் பஸ்ஸுக்கு நின்றபோது, கார் வயரிங் பார்க்கும் கடையில் ஓர் அம்மாள் கேட்டது காதில் விழுந்தது: "அதைக் கழத்துனா அவுகளுக்குத் தெரிஞ்சிருமா?" பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

அவளுக்குப் பார்வதியம்மாள் என்று பேர் வைத்தேன். 'அன்று தாமிரபரணியில் வெள்ளம் கரை…' வேண்டாம். ஆறு கிடக்கட்டும்.

கணவர் குமரகுருபரன். மகள் பிருந்தா தனியாகக் கார் ஓட்டிப் போகிறாளே என்ற பயத்தில், கார் நிற்கும் இடத்தைப் போனில் புள்ளியாகக் காட்டும் கருவியை மாட்டினார். ஒரு மத்தியானம், கல்லிடைக்குறிச்சி சாலையில் புள்ளி நகரவில்லை. "பிள்ளை எங்கனயோ நிழல்ல நிறுத்தியிருக்கா" என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் கார்க் கண்ணாடியை உடைத்தபோது, நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தவளிடம் உயிர் இல்லை. அவள் எங்கே என்று கருவி சொன்னது. எப்படி இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

[இந்த மனிதரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அந்தக் கை அதற்கு விடவில்லை.]

3

இப்போது கார் வாசலிலேயே நிற்கிறது. கருவி அணையக் கூடாதென்று பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறார். பொழுதடைந்ததும் போனைப் பார்த்து மனைவியிடம் சொல்வார்: "ஏளா, பிள்ளை வீட்லதான் இருக்கா."

பார்வதியம்மாள் கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். தனியாக.

4

(கடையில் கேட்ட பேச்சை வீட்டு வாசலுக்கு மாற்றிவிட்டேன். அவர் குரல் எட்டும் தூரம் வேண்டும்.) ஹாரன் பழுதென்று அவரிடம் சொல்லி, வயரிங் பார்க்கும் ஜெபஸ்டினை வரவழைத்தாள். வந்தவனிடம் கருவியைக் காட்டிக் கழற்றச் சொன்னாள்.

"மாட்டுனவன் இடியாப்பமால்லா பிழிஞ்சு வச்சிருக்கான்! வெடுக்குன்னு அறுத்தா ஷார்ட்டாயிரும்மா. மொதல்ல பேட்டரி மைனஸைக் கழத்தணும். பெறவு ஒட்டுப்போட்ட எடத்தைப் பைய பிரிச்சு, பழைய வயரை டேப் சுத்தி மூடணும்."

"அவுகளுக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியாமலா? அந்தக் கருவிக்குள்ள தனியா குட்டி பேட்டரி இருக்கு. கரண்டு போன ஒடனே சார் போனுக்குச் சேதி அனுப்பிட்டுத்தான் சாவும்."

5

ஒரு முடிவு: சேதி வருகிறது. குமரகுருபரன் எழுந்து, சுவரைப் பிடித்து, அப்படியே… எழுத முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: ஜெபஸ்டின் கருவியைக் கழற்றாமலே போகிறான். புள்ளி வீட்டிலேயே. அவள் குழாயடியிலேயே.

இவ்வளவு நேரமும் அவள் பயந்து கேட்டாள் என்றே எழுதி வந்தேன். அந்தக் குரலை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். பயமில்லை, மக்களே. தெரிந்துவிடாதா என்ற தவிப்பு. ஒரு நாளாவது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழமாட்டாரா என்று.

மைனஸ் நட்டு பாதி கழன்றிருக்கிறது.

"கழத்தட்டாம்மா?"

உள்ளேயிருந்து குரல்: "ஏளா, பிள்ளை வீட்லதான் இருக்கா."

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன், மக்களே. ஜெபஸ்டின் காத்து நிற்கிறான். நீங்கள் சொல்லுங்கள்.