எவாப்ரேட்டரில் பதினோரு ஞாயிறு

1

வலது தோள் இன்னும் வலிக்கிறது. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் எலும்புக்குள் குத்துகிறது. இந்தக் கதை அந்த வலியிலிருந்து வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வந்தது முதலாளி மகள் கிருத்திகாவிடமிருந்து. மண்ணரையில் அவர்களுடைய சாயப்பட்டறையில் நான் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். எப்போதாவது கதையும் எழுதுவேன்.

"கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணுனதால லாபம் வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதுங்கண்ணா. துணி வாங்குற வெளிநாட்டு பையருக்கு அனுப்போணும்."

அந்தப் பக்கம் வரவில்லை. இதுதான் வந்தது.

2

முதல் தொடக்கம்: 'இயற்கையைக் காப்பவரை இயற்கை—'

அடித்துவிட்டேன். சாயத்தண்ணீரில் கை வைத்தவன் அப்படி எழுத மாட்டான்.

இரண்டாவது: 'போன கார்த்திகையில் முதலாளி கிட்டுசாமி பட்டறையை விற்க முன்பணம் வாங்கிவிட்டார்.'

இது நிற்கும். காரணம் எவாப்ரேட்டர், சாயக்கழிவைக் காய்ச்சித் தண்ணீரையும் உப்பையும் தனியாகப் பிரிக்கிற இயந்திரம். அதன் குழாய்களுக்குள் உப்பு கல்லாகப் படிந்துவிட்டது. எரித்த விறகுக்குத் தண்ணீர் காயவில்லை. சுத்தம் செய்ய வெளியாட்கள் நான்கு லட்சம் கேட்டார்கள். மழை பெய்யும்போது கழிவை நொய்யல் ஆற்றில் திறந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அவர் செய்யவில்லை. (மனசு கேட்காமலா, அதிகாரிகள் பட்டறைக்குச் சீல் வைப்பார்கள் என்ற பயத்திலா என்று பின்னால் கேட்டேன். "ரெண்டுந்தானப்பா" என்றார்.)

3

இங்கே ராக்கம்மாள் வர வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, ஈரத்துணி பிழியும் மெஷினில் நிற்பவள். பட்டறை போனால் நாற்பது பேருக்கு வேலை போகும். அவள் மகள் ஆஷாவின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். முதல் பிரதியில் அவளை அழ வைத்திருந்தேன். அவள் அழவில்லை, அதனால் எடுத்துவிட்டேன். நேரே ஆபீசுக்குள் போனாள்.

"மொதலாளி, கம்பி இருக்குல்ல? நாங்களே சொரண்டுறோம். ஞாயித்துக்கெழம மிசினு சும்மாத்தான கெடக்கு."

"கூலி குடுக்கக் காசில்லையே அம்மிணி."

"அதப் பொறவு பாத்துக்கிடலாம். மொத கேட்டத் தொறந்து வையிங்க."

எட்டுப் பேர், பதினோரு ஞாயிறு. நீளக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு இடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், மறுபடி இடிக்க வேண்டும். (என் தோள் இங்கே வருகிறது. நான் போனது நான்கு ஞாயிறுதான்.)

4

விறகுச் செலவு பாதியானது. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், பிரித்தெடுத்த உப்பே திரும்பச் சாயத்தொட்டிக்கே போனதால் உப்பு வாங்குவதும் குறைந்தது. பங்குனியில் நஷ்டம் நின்றது. சித்திரையில் பையருடைய ஆள் வந்து குழாய் குழாயாகப் பார்த்துவிட்டு, இரண்டு சீசன் துணிக்கு எங்களிடம்தான் சாயம் என்று எழுதிக் கொடுத்தான்.

கிட்டுசாமி வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். எல்லோருக்கும் போண்டா வாங்கி வரச் சொன்னார். "ஆளுக்கு ரெண்டா? கூலியில கழிச்சிராதீக" என்றாள் ராக்கம்மாள். அவர்தான் முதலில் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்று மத்தியானம் சோற்றின் ருசி தெரிந்து சாப்பிட்டேன். ஆஷா இப்போது கடைசி வருடம்.

5

கிருத்திகாவின் பக்கம் இங்கேதான் நின்றுபோகிறது. சுத்தம் செய்ததால் லாபமா? இதே எவாப்ரேட்டர் வைத்திருந்த பக்கத்துப் பட்டறை மூடிக்கிடக்கிறது. நன்றாக ஓடுகிற பெரிய கம்பெனிகள் சுத்தமாகவும் இருக்கின்றன. காசு இருப்பதால் சுத்தமா, சுத்தத்தால் காசா, எனக்குத் தெரியவில்லை. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். காரணம் இயந்திரம். காரணம் பையர். காரணம்—

நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் சம்மதம். பட்டறை ஓடுகிறது, அது போதும்.

கடைசி வரியில் மட்டும் கை வைக்க வேண்டாம். கிருத்திகாவிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்:

ராக்கம்மாளுக்குப் பதினோரு ஞாயிற்றுக்கிழமைக் கூலி, நாளுக்கு அறுநூறு வீதம் ஆறாயிரத்து அறுநூறு ரூபாய், பாக்கி.