பரராசசிங்கம் கை கொடுத்த கதை

டோர்ட்மண்டுக்கு வெளியே உள்ள பழைய கோட்டை ஒன்றில் பரராசசிங்கம் வழிகாட்டியாக இருக்கிறார். மத்தியகாலப் பிரபுக்களைப் பற்றி ஜெர்மன்காரருக்கே ஜெர்மன் மொழியில் வகுப்பெடுப்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அடிமைப்புத்தி என்றால் என்னவென்று தன்னைப்போல விளங்கியவர் இந்த ஊரிலேயே இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்துக்கு ஆயுசு எவ்வளவு என்று பார்ப்போம்.

"முழங்காலில் நின்று, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைத்தால் போதும், சாகும்வரை அவருடைய ஆள்," என்று தினமும் விளக்குவார். கடவுளையும் ஒரு பெரிய பிரபுவாகவே அந்தக் காலத்தவர் நினைத்தார்கள், அவரைக் கும்பிடவும் அதே கைகளைத்தான் நீட்டினார்கள் என்பார். பிரபு கடமை தவறினால் சத்தியத்தை முறிக்கலாம் என்ற இடம் வரும்போது குரலை உயர்த்துவார். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கோட்டைக்கு வெளியே அவர் கோயில் செயலாளர், பதினெட்டு வருஷமாக. தலைவர் யோகம் அண்ணை இரு என்றால் இருப்பார், எழும்பு என்றால் எழும்புவார். இந்தச் சேவகத்தில் மகள் அஜிதாவின் பள்ளிக்கூட விழா ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. இப்போது அவள் தாதிக்கான ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பை முடித்துவிட்டாள். சனிக்கிழமை சான்றிதழ் கொடுக்கிறார்கள்; அன்றைக்குத்தான் கோயிலில் அபிஷேகமும்.

"இதுக்காவது வாங்கோ அப்பா," என்றாள், பெரிதாக எதையும் எதிர்பார்க்காத குரலில். அந்தக் குரல் அவரைச் சுட்டது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தலைவரிடம் போனார். சொல்லவேண்டியதையெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தார். கும்பிட்டுக்கொண்டு வாயைத் திறக்குமுன், யோகம் அண்ணை அந்தக் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திப் பிடித்தார்.

"நல்ல நேரம் வந்தீர் தம்பி. நாளைக்கு என்ர மருமோனுக்குச் சான்றிதழ் குடுக்கினம், உம்மட அஜிதாவோட படிச்சவன்தான். நான் அங்க நிக்காட்டிச் சரிவராது. அபிஷேகத்தை நீர்தான் நிண்டு பாக்கோணும். உம்மை விட்டா எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

கைகள் உள்ளே இருந்தன. எண்ணூறு வருஷத்துச் சட்டமெல்லாம் தெரிந்த மனிதருக்கு அவற்றை வெளியே இழுக்கத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், உம்மை விட்டால் ஆர் என்ற சொல்லில் அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தும் போனது.

"ஓம் அண்ணை," என்றார்.

மறுநாள் அபிஷேகத்தின் நடுவில் அஜிதா அனுப்பிய படம் கைபேசியில் வந்தது. வெள்ளைச் சட்டையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் அவருடைய மனைவி லலிதா. அவர் நிற்கவேண்டிய மறுபக்கத்தில், பிள்ளையின் தோளில் கை வைத்தபடி யோகம் அண்ணை. படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை.

பரராசசிங்கத்தால் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மகளுக்கு ஏதாவது எழுதத்தானே வேண்டும். எழுதி அனுப்பினார்:

"படத்தில அண்ணைக்குக் கண் மூடிப்போச்சு. அவரை வடிவா நிக்கச் சொல்லி இன்னொருக்கா எடு பிள்ளை."