கிணற்று அறைக்கு அப்புறம்

கிணற்று அறை வரைக்கும் எல்லாம் சரியாகவே வந்தது. அதைத் தாண்டியதும் மகள் வரைந்த பாதை, அவளே முன்பு வரைந்திருந்த அறையின் சுவரில் போய் முட்டியது. போன வாரமும் அங்கேதான் முட்டியது. அம்மா தன் வரைபடத்தில் கட்டங்களை மறுபடி எண்ணினாள். நீளம் சரி, கதவுகள் சரி. எங்கே பிசகுகிறது என்றுதான் பிடிபடவில்லை.

அந்த வீட்டில் விளையாட்டு நடப்பது இப்படி. அம்மா ஒரு பாதாளக் கோட்டையைக் கற்பனை செய்து, கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருப்பாள். அதை விளையாடுகிறவர்களுக்குக் காட்டமாட்டாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளே நடப்பவர்களின் கண்ணில் படுவதை மட்டும் சொல்வாள். கேட்டுக் கேட்டு மகள் நோட்டில் வரைவாள். எந்தப் பக்கம் போவது என்பது அப்பாவின் முடிவு. எதிரே வருவதை வெட்டிச் சாய்ப்பது மாமாவின் பொறுப்பு. அம்மாவின் தம்பி அவன்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் அம்மா. நால்வருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது வாரத்தில் இந்த ஒரு மாலைதான். இன்று மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணு உன் கோட்டை தப்பு, இல்லைன்னா என் மூளை தப்பு. அடுத்த வாரம் நான் வரலம்மா."

போன வாரத்திலிருந்து ஓங்கிய கத்தியோடு நிற்பதாகவும் கை கடுக்கிறதென்றும் மாமா சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அப்பா கொட்டாவி விட்டார். மகள் எழுந்துவிட்டால் இந்த மாலையும் போய்விடும், ஆளுக்கொரு மூலையில் போனோடு சாய்ந்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது தெரியும்.

படம் வரைகிறவர்களின் இணையக் குழுவிலும் அவள் அந்த வரைபடத்தைப் போட்டுக் கருத்துக் கேட்டுப் பார்த்திருந்தாள். அதில் வரைந்திருந்த வௌவால்கள் பிரமாதம் என்றார்கள். கிணற்றுக்கு இன்னும் கொஞ்சம் நிழல் தட்டலாமே என்றார் ஒருவர். ஒருவர்கூட அந்தப் பாதையில் நடந்து பார்க்கவில்லை.

அம்மா தடுப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ரகசியம் போனா போகுது. எங்க தப்புன்னு நீயே பாத்துச் சொல்லுடி."

முதல் கதவிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பாதை தாளில் நேராக மேலே ஏறிக் கிணற்று அறைக்குப் போனது. அங்கே வளைந்து, பழைய பாதைக்கு இடப்புறமாகவே கீழே இறங்கியது. மகள் அந்த வளைவில் நோட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். இதுவரை தடுப்பு மறைத்திருந்ததால் அம்மா இதைப் பார்த்ததில்லை.

"எதுக்கு நோட்டைத் திருப்புற?"

"நான் திரும்பிட்டேன்ல? நோட்டு மட்டும் சும்மா இருக்குமா? நீ ஏன் திருப்பல?"

அம்மாவின் தாள் திரும்பாது. மை இழுபடாமலிருக்க, நான்கு மூலையிலும் டேப் ஒட்டிப் பலகையில் பதித்திருந்தாள்.

எதிரெதிரே நிற்கும் இரண்டு பேருக்கு இடது கை ஒரே பக்கம் இருக்காது. பாதை மேலே ஏறும்வரை அம்மாவின் இடதும் நடக்கிறவர்களின் இடதும் ஒன்றுதான். கீழே இறங்கும்போதோ அவர்கள் அம்மாவைப் பார்த்து வருகிறார்கள். அவள் தாளைப் பார்த்து "இடது பக்கம் கதவு" என்றாள், அது வெளிப்பக்கம். மகள் நடக்கிறவர்களின் இடதில் கதவை வைத்தாள். அது பழைய அறைகள் இருக்கும் பக்கம். முட்டாமல் என்ன செய்யும்?

அம்மா டேப்பை ஒவ்வொன்றாக உரித்துத் தாளைத் திருப்பினாள். எழுத்தெல்லாம் தலைகீழாகிவிட்டது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

"வலது பக்கம் கதவு," என்றாள்.

மகள் வரைந்தாள். பாதை எதிலும் முட்டாமல் காலிக் கட்டங்களுக்குள் போனது. அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டாள்.

நடக்கிறவர்கள் திரும்பும்போதெல்லாம் தாளையும் திருப்பிக்கொள்ள வேண்டும். போகிற வழி எப்போதும் நம்மைவிட்டு விலகிப் போவதுபோல் தாளை வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இடது வலது சொன்னால் சரியாக வரும்.