கணினியில் புளி வாங்குகிறவர்கள்

பெங்களூரில் வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக மளிகை வாங்குவோர் பெருகிவருகிறார்கள் என்ற செய்தியை, நாளிதழின் வணிகப் பக்கத்திலிருந்து மாதப்பன் இரண்டாம் முறையாக உரக்கப் படித்தார். அது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. ஓசூர் பாகலூர் சாலையில் அவரும் மனைவி சரோஜம்மாளும் நடத்திவந்த மளிகைக் கடையை ஒட்டியிருந்த தையல்கடை காலியாகியிருந்தது. அதையும் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கட்டடத்துக்காரர் பெருமாளிடம் அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

"கடையைப் பெருசு பண்ணி என்னா பண்றது? ஈ ஓட்டறதுக்கா?" என்றார் மாதப்பன். சிப்காட் ஆலைக் குடும்பங்கள் சில அண்மையில் வருவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

சரோஜம்மாளின் ஐயம் வேறு. "அது கெடக்கட்டுங்க. மோந்து பாக்காம, கிள்ளிப் பாக்காம புளியை எப்படி வாங்குவாங்க?"

"பேப்பர்ல அதெல்லாம் போடல."

"அப்ப நானே போய்ப் பாத்துட்டு வரேன்."

சற்றுத் தள்ளியிருந்த பிரவுசிங் சென்டரை நடத்தியவர் பிரகாஷ். "வாங்கக்கா, ஜாதகம் பாக்கணுமா?" என்றார்.

"புளி பாக்கணும்."

பிரகாஷ் சிரிக்காமல் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கணினியின் முன் லாவண்யா அமர்ந்திருந்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கணவனின் ஆலை வேலைக்காக ஓசூருக்கு வந்தவள். சில மாதங்கள் முன்புவரை சரோஜம்மாளின் வாடிக்கையாளர். பின்னால் வந்து நின்றவரைக் கண்டதும் அவள் கை தானாகவே திரையை மறைக்கப் போனது.

"மறைக்காதம்மா, சண்டைக்கு வரல. சாமான் கொண்டார வண்டி இங்க வரைக்கும் வருதா?"

"இல்லக்கா, கர்நாடகா பார்டர், அத்திப்பள்ளி தாண்டி வராது. நாத்தனார் பெங்களூர்ல பொம்மனஹள்ளியில இருக்காங்க. அங்க எறக்கிருவாங்க. ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வருவோம்."

சரோஜம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். வேகமான ஒன்றை அவர் எதிர்பார்த்திருந்தார். கண்டதோ பெரும் நிதானம். லாவண்யா ஒரு புளிப் பொட்டலத்தைத் தேர்ந்தாள், நீக்கினாள், வேறொன்றைப் பார்த்தாள், முதலாவதற்கே திரும்பினாள். பெருங்காயத்தில் நான்கு வகைகளை ஒப்பிட்டுவிட்டு ஒன்றையும் எடுக்காமல் நகர்ந்தாள். கடைக்கு வரும்போது இதே பெண் சொல்வதைச் சொல்லி, கொடுப்பதை வாங்கிக்கொண்டு நொடியில் போய்விடுவாள்.

"புளி நல்லா இருக்குமான்னு எப்படிம்மா கண்டுபுடிக்கிற?"

"கண்டுபிடிக்க முடியாதுக்கா. போன தடவ ஒரே கொட்டை."

"பின்னே ஏன் இதுல வாங்குற?"

லாவண்யா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "உங்க கடையில ஒண்ணைக் கேட்டா எடுத்து நிறுத்துருவீங்க. அப்புறம் வேணாம்னு எப்படிச் சொல்றது? பின்னாடி ஆளுங்க வேற நிப்பாங்க. நீங்களும் ஒரு மாதிரி பாப்பீங்க."

"நான் எப்ப பாத்தேன்?"

"இப்ப பாக்குறீங்கள்ல, அப்படித்தான்."

பிரகாஷ் தும்முவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பிய சரோஜம்மாள் உள்ளே போகவில்லை. வாங்குபவர் நிற்கும் இடத்தில், கல்லாமேசைக்கு முன்னால் நின்று பார்த்தார். மூட்டைகளின் வாய்கள் எல்லாம் கடைக்காரரை நோக்கித் திறந்திருந்தன. புளி எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை.

"என்னா வேணும்?" என்றார் மாதப்பன், வேடிக்கையாக.

"தையல்கடை வேணும். நடுச்சுவரை எடுத்துட்டு, ஆளுங்களை உள்ள விடணும். அவங்களே எடுக்கட்டும், வேணாம்னா திரும்ப வைக்கட்டும். கல்லா வாசலுக்குப் போவட்டும்."

"அவனவன் மடியில கட்டிக்கினு போயிட்டா?"

"போவானுங்க, கொஞ்சம் பேரு. அதுவும் என்னான்னு பாத்துடலாம்."

மாலையில் பெருமாள் வந்தபோது மாதப்பன் அதே நாளிதழைக் கையில் வைத்திருந்தார். சரோஜம்மாள்தான் பேசினார். "எடுத்துக்கறோம். ஆனா சுவரை இடிக்க விடணும்."

"நீங்க சுவரைப் பத்திச் சொல்லவே இல்லையே," என்ற பெருமாள் உள்ளே வந்தார். சுவரைத் தட்டிப் பார்க்க விரும்பினார். அரிசி மூட்டைகள் மறைத்திருந்தன. "இது மேல பாரம் நிக்குதான்னு பாக்கணும். நிக்கலைன்னா இடிச்சுக்கோங்க."

இருவரும் மாதப்பனைப் பார்த்தார்கள். அவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, சுவரோரம் இருந்த முதல் மூட்டையின் காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.