கருமையின் கீழ் நீலம்

கதிரவன் மேற்கே சாய்ந்து, நெருங்கி நிற்கும் அடுக்குவீடுகளின் சாளரங்களையெல்லாம் பொற்றகடுகளாக்கி, கொடிகளில் உலரும் துணிகளுக்கு நீண்ட நிழல்களை ஈந்து, ஓய்வுநாளின் சோம்பல் தெருவெங்கும் பூனையெனச் சுருண்டு கிடந்த ஒரு பிற்பகலில், படிப்போரே, மேல்தளத்து வீடொன்றின் பின்மாடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே சாணைச் சக்கரம் ஒன்று துணி போர்த்தி நிற்கிறது; நீரில் ஊறும் தீட்டுகற்களும், சொரசொரப்பின் வரிசைப்படி அடுக்கிய உப்புத்தாள்களும், எண்ணெய் பூசிய அரங்களும் தத்தம் இடத்தில் ஒழுங்காய் இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளை இழைப்பவர். துருவுக்கு எளிதில் இரையாயினும் கூர்மையில் நிகரற்ற கரிம எஃகுக் கத்திகளை வீட்டில் மெருகேற்றுவது அவர் தமக்கென வைத்துக்கொண்ட இன்பம். அன்று அம்மாடத்தை ஏறிட்டுப் பார்க்கவும் அவருக்குத் துணிவில்லை.

கூடத்தில் அவர் மனைவியின் அண்ணன் அமர்ந்திருந்தார். உணவகமொன்றின் தலைமைச் சமையற்காரர் அவர். மணிக்கட்டில் அறுவை முடிந்து தேறி, வேலைக்குத் திரும்பும் முன், தம் பழைய கத்தியை இவரிடம் கொணர்ந்து, “பிடிய மட்டும் கொஞ்சம் பருமனா போட்டுக் குடுங்க மாப்பிள்ளை. தகட்டுல கை வைக்காதீங்க, அது எனக்குப் பழகின மாடு” என்று சொல்லியிருந்தார்.

பிடி அழகாய் அமைந்தது. அத்துடன் நின்றிருந்தால் இக்கதை பிறந்திராது. மச்சான் வியக்கவேண்டும் என்னும் ஆசை நீர்க்கசிவெனப் புகுந்து பெருகிட, வெட்டும் வாயை இன்னும் சற்று மெலிதாக்கலாமென்று தகட்டைச் சாணையில் பிடித்தார் வில்லைக்காரர். கண்ணாடிக் கடையின் பொறியில் நீர் தானே சொட்டிக்கொண்டிருக்கும். வீட்டிலோ ஒவ்வோர் இழைப்புக்கும் கத்தியைக் கிண்ணத்து நீரில் தோய்க்கவேண்டும். மலர்ந்து வரும் பளபளப்பில் தம் முகத்தையே கண்டு மயங்கியவர், தோய்க்க மறந்தார். கண்ணிமைக்கும் பொழுதில் முனையோரத்து வாய் வைக்கோல் நிறமேறி, பழுப்பாகி, மயிற்கழுத்தென நீலமாயிற்று. சூடேறி நீலம் படர்ந்த இடத்தில் எஃகின் உரம் போய்விட்டது என்பதை அத்தொழிலறிந்தார் எவரும் அறிவர். நீலத்தைத் தாளால் தேய்த்து நீக்கிய அவர், புளிக்காடியும் கடுந்தேநீரும் மாறிமாறிப் பூசித் தகடு முழுவதும் சீரான கருமை படரச் செய்து, கண்ணுக்கு விருந்தாய்த் திருப்பிக் கொடுத்தார். “பிடி கேட்டவருக்கு முழுக் கத்தியையும் குளிப்பாட்டணுமாங்க?” என்று மனைவி கேலி செய்தபோதும் அவர் உண்மையை மறைத்தார்.

இப்போது அண்ணன் தேநீரைத் தொடாமல் தம் வலக்கையை மடியில் மல்லாத்தி வைத்து, ஊரார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தியில ஒரு குறையும் இல்ல மாப்பிள்ளை. கைதான் போச்சு. காலையில தீட்டுறேன், நாலு வெங்காயம் தாண்டல. அப்புறம் தக்காளித் தோலுமேல சறுக்குது.”

“டாக்டர் நல்லாயிருக்குன்னுதானே சொன்னாரு?” என்றாள் தங்கை.

“டாக்டரா வெங்காயம் நறுக்கப் போறாரு? நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லிட்டுப் பண்டக அறைப் பக்கம் ஒதுங்கிடலாம்னு இருக்கேன். கை நடுங்குறவன் சமையல்ல உப்பு மட்டும்தான் தாராளமா விழும்.” சிரிக்க முயன்றார், முடியவில்லை. “உங்க உழைப்புதான் வீணாப் போச்சு. மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை.”

தீயிலிட்ட கம்பியை உடலில் வைத்தாலும் அவ்வளவு சுட்டிராது. வில்லைக்காரர் எழுந்து மாடத்துக்குச் சென்று அரத்தை எடுத்துவந்து, அண்ணன் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த கத்தியின் அடிப்பகுதி வாயில் வைத்து இழுத்தார். கண்ணாடிமேல் நகம்போல் அரம் கிறீச்சிட்டு வழுக்கியது. முனைப்பக்கம் வைத்து இழுத்தார். உரமிழந்த எஃகில் அரம் கடித்தது, எஃகுத்துகள் மேசைவிரிப்பில் உதிர்ந்தது.

“கை இல்ல மச்சான், கத்தி. நான்தான் சாணையில சுட்டுட்டேன். நீலம் ஏறினத கறுப்பால மூடினேன்.”

அண்ணன் துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். மெல்லத் தம் கையை மூடினார், திறந்தார், மீண்டும் மூடினார். முகம் மழைகண்ட வயலென மலர்ந்தது. “ஏய், இங்க பாரு, என் கை நல்லாத்தான் இருக்கு” என்று தங்கையின் தோளைப் பற்றி உலுக்கினார். அடியையும் வசையையும் எதிர்நோக்கி நின்ற வில்லைக்காரருக்கு அம்மகிழ்ச்சி பெருந்தண்டனையாயிற்று.

பின்னர் அண்ணன் குரல் தணிந்தது. “போன வாரம் ஃபோன்ல கை போச்சுன்னு அழுதேனே. பழகப் பழகச் சரியாயிடும்னு சொன்னீங்க. அப்பவே தெரியுமா மாப்பிள்ளை?”

“தெரியும் மச்சான்.”

தங்கை தலைகுனிந்தாள். அண்ணன் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்து, “சரி, போகட்டும்” என்று எழுந்தார்; தங்கையின் அடுக்களைக் கத்தியை இரவல் வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் அந்த இரவல் கத்தியே அவர் தொழிலைக் காத்தது. இன்றும் அவர் வருகிறார். அதே மேசையில் உண்கிறார். மாப்பிள்ளை என்றே வாய்நிறைய அழைக்கிறார். பழைய பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. ஆயினும், பழம் அரிய வில்லைக்காரர் சிறுகத்தியொன்றை நீட்டும்போதெல்லாம், அண்ணனறியாமலே அவர் கட்டைவிரல் அதன் வாயைக் குறுக்கே தடவிப் பார்த்துவிட்டுத்தான் பழத்தைத் தொடுகிறது. நாவு மன்னித்ததை விரல் இன்னும் அறியவில்லை. வில்லைக்காரரோ அவ்விரலை ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்; பாராததுபோல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.