எட்மண்டின் பெஞ்சு

ஸெனான் எங்கள் வாசல் பெஞ்சைத் தூக்க வைத்தபோது என் கணவர் எட்மண்டுக்கு அறுபத்தெட்டு வயது. நுரையீரல் முழுக்கப் பஞ்சாலைத் தூசி. எங்கள் ரெட்கினியாக் குடியிருப்பில் எங்கள் கட்டடத்தைப் போன்ற நான்கு மாடிக் கட்டடங்களுக்கு லிப்ட் கிடையாது. எங்கள் வீடோ உச்சி மாடி. காலையில் இறங்குவார், அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்வார், போகிறவர் வருகிறவரிடம் வம்பு பேசுவார், பிறகு ஏறி வருவார். அவருடைய வெளியுலகம் அவ்வளவுதான்.

பெஞ்சு இருந்தது தரைத்தளத்து ஸெனானின் சன்னலுக்குக் கீழே. குடிகாரர்கள் உட்காருகிறார்கள் என்று மனு எழுதினார் மனுஷன். நான் பார்த்தவரை அதில் உட்கார்ந்த ஒரே குடிகாரர் அவருடைய மைத்துனர்தான். எங்கள் படிக்கட்டில் பத்து வீடு. எங்கள் கதவை மட்டும் தட்டாமல் மற்ற எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். குடியிருப்புச் சங்கத்து ஆட்கள் வந்து பெஞ்சின் கால்களை அறுத்து எடுத்துப் போனார்கள்.

மறுநாள் எட்மண்ட் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி ஏறி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதன்பிறகு சமையலறைச் சன்னலோடு சரி. இரண்டாவது குளிர்காலத்தில் நான்கு பேர் பெட்டியில் தூக்கித்தான் அவரை இறக்கினார்கள். அன்றைக்கு நான் ஸெனானைப் பார்த்த பார்வையை அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

ஆறு வருஷம் பொறுத்தேன். ஸெனான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கடைக்குப் போய்விட்டுக் கைத்தடியோடு திரும்பும்போது, வாசலில் எட்டுப் படி ஏறுவதற்கு முன் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. பெஞ்சைத் திரும்ப வையுங்கள் என்று சங்கத்துக்குப் போனார். மனு கொடுத்து எடுத்ததாயிற்றே, பத்து வீடும் கையெழுத்துப் போட்டால்தான் வைப்போம் என்றார்களாம். ஒன்பது கிடைத்துவிட்டது.

அவர் மாடி ஏறி வருவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒவ்வொரு மாடியிலும் கைத்தடிச் சத்தம் நின்றது. எனக்கு அவசரமே இல்லை. பகை என்றாலும் பான், பானி என்று ஐயா, அம்மா போட்டுப் பேசும் மரியாதை மட்டும் எங்களுக்குள் தப்பாது.

"பானி ரெகினா, ஒரு கையெழுத்துதான்..."

"மூச்சு வாங்குதா, பான் ஸெனான்?"

"வாங்குது. உக்கார ஒரு நாற்காலி குடுங்களேன்."

"நாற்காலியெல்லாம் உள்ள இருக்கு. நீங்க வெளிய நிக்கிறீங்க."

அவர் மனுவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அது எட்மண்ட் பெஞ்சு. அவர்கிட்ட கேளுங்க."

"அவர் போயி ஆறு வருஷமாச்சு, பானி ரெகினா."

"எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும். நவம்பர் ஒண்ணாந்தேதி ஊரே கல்லறையிலதான் இருக்கும். அவர் சரின்னா நானும் சரி."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ஒரு கையில் கைத்தடி, மறு கையில் மெழுகு விளக்கு, சட்டைப்பையில் மனு. இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள், கல்லறைத் தோட்டம் முழுக்க ஜனம். எங்கும் சாமந்திப் பூந்தொட்டிகள். அடுத்த வரிசையில் எங்கள் மூன்றாம் மாடி ஹலினா தன் அம்மாவின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் உண்டு.

எட்மண்டின் கல்லுக்குப் பக்கத்தில் நான் ஒரு சின்னப் பெஞ்சு போட்டு வைத்திருக்கிறேன். கண்டவர்கள் உட்காராமல் இருக்க, பலகையை மடக்கிப் பூட்டிவிடுவேன். ஸெனான் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"முதல்ல கேளுங்க."

அவர் குனிந்து என்னவோ முணுமுணுத்தார்.

"பஞ்சாலையில முப்பது வருஷம். காது மந்தம் அவருக்கு. சத்தமா சொல்லுங்க."

"எட்மண்ட்," என்றார். இந்த முறை சத்தமாகவே. "பெஞ்ச எடுக்க வெச்சது நான்தான். குடிகாரங்கன்னு சொன்னது பொய். நீங்க தினம் இருமுறது என் சன்னல்ல கேட்டுச்சு. தாங்க முடியல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இருமலுக்காகவா? ஓர் இருமலுக்காகவா?

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க கீழ வரவே இல்ல."

நாலு வரிசை வரை திரும்பிப் பார்த்தார்கள். ஹலினா துணியைக் கீழே போட்டுவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். மனுவை வாங்கி எட்மண்டின் கல்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பூட்டைத் திறந்து, பலகையை விரித்து, நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் நின்றார்.

ஏப்ரலில் பெஞ்சு வந்தது, அதே இடத்தில். முதல் நாள் ஸெனான் பால் பாக்கெட்டோடு வந்தபோது நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் நகருங்க, பானி ரெகினா."

"இந்தப் பக்கம் என் பை. அந்தப் பக்கம் எட்மண்ட்."

காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தார். கம்பியைப் பிடித்து எட்டுப் படியையும் ஏறினார், ஒவ்வொன்றாக. அவர் உள்ளே போன பிறகு நான் இருமினேன். வராத இருமலைத் தொண்டையைச் செருமி வரவழைத்து, அவர் சன்னலைப் பார்த்து இருமினேன்.

தினமும் போகிறேன். அவர் எட்டரைக்குக் கடையிலிருந்து திரும்புவார், நான் எட்டுக்கே இறங்கிவிடுவேன். எனக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நேற்று மேலே வரும்போது மூன்றாவது மாடியில் மூச்சு முட்டி, வெறும் படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே இருமினேன். அந்த இருமல் நானாக வரவழைத்ததல்ல.

ஆனாலும் நாளைக்கும் இறங்குவேன்.